விதியும் நாட்டமும்: தமிழ்க் கிறித்தவ, இசுலாமிய வழக்குகளில் ஊழ்ச்சொற்கள்

வேற்றுநாட்டிற் பிறந்த சமயம் ஒன்று தமிழில் வேரூன்ற வேண்டுமாயின், ஈண்டு முன்னரே வழங்கும் சொற்களோடு உடன்பட்டோ மாறுபட்டோ தன் கோட்பாட்டை எடுத்துரைத்தாக வேண்டும். கடவுள், உயிர், அருள், வீடு முதலிய சொற்களைக் கிறித்தவ ஆசிரியரும் இசுலாமியப் புலவரும் எங்ஙனம் ஆண்டனர் என்பது ஓரளவு ஆராயப்பட்டுள்ளது. ஊழைக் குறிக்கும் சொற்களோ அத்துணைக் கருத்தைப் பெறவில்லை. அதனாற்போலும், கிறித்தவம் மனிதனின் விருப்புரிமையை வற்புறுத்துவது, இசுலாம் விதியை வற்புறுத்துவது என்றும், இசுலாமியர் கூறும் 'கத்ர்' தமிழர் கூறும் ஊழே என்றும் ஒப்பியல் நோக்கில் எழுதுவோர் சிலர் எளிதிற் கூறி அமைகின்றனர். இவ்விரு கூற்றும் பொருந்தா என்பதனை அவ்விரு சமயத்தாரும் தெரிந்தெடுத்த தமிழ்ச் சொற்களைக் கொண்டே நாம் ஈண்டுக் காட்ட முற்படுகின்றோம்.

முதற்கண் சொற்களை நோக்குவோம். 'ஊழ்' என்பது முதிர்தல், முறைப்படுதல் என்னும் பொருட்டாய வினையடியாகப் பிறந்தது. மலர் விரிதலை 'ஊழ்த்தல்' என்பது பண்டை வழக்கு. கனி பழுத்துக் காம்பினின்று கழல்வது போலச் செய்த வினை தன் காலத்தே தானே முதிர்ந்து பயன்தரும் என்பது இச்சொல்லின் உட்கிடை. முதிர்விப்பான் ஒருவன் வேண்டும் என்னும் குறிப்பு இதன்கண் இல்லை. படைப்புக் கடவுளை ஒப்பாத சமணரும் பௌத்தரும் இச்சொல்லைத் தயக்கமின்றி ஆண்டமைக்கு இதுவே காரணமாதல் வேண்டும். சிலப்பதிகாரத்தில் ஊழ்வினை கோவலனைத் தேடி வருகின்றது. அதனை ஏவியவர் எவருமிலர்.

'பால்' என்பதோ வேறு. பகுதி, கூறு என்பன அதன் பொருள். தொல்காப்பியக் கிளவியாக்கத்துள் 'பால்வரை தெய்வம்' என்றொரு தொடர் உண்டு. இன்னார்க்கு இன்னது என வரைந்து வகுக்கும் தெய்வத்தை அது குறிக்கும். ஈண்டு வகுப்பவன் உளன். வடமொழி 'விதி'யும் இவ்வினத்ததே. வகுத்தமைத்தல் என்னும் பொருளுடைய அடியிற் பிறந்து, வகுப்பவனாகிய அயனுக்கே பெயராகவும் அமைந்தது. கட்டளை, நெறிமுறை என்னும் பொருளும் அதற்குண்டு என்பதனை நினைவிற் கொள்ளல் வேண்டும். பின்னர் அது பயன்படும். 'தலையெழுத்து' என்னும் உலக வழக்குச் சொல் எழுதுவானை வெளிப்படையாகவே வேண்டி நிற்பது.

ஆகவே தமிழில் ஊழ்ச்சொற்கள் இருவகையின. ஒருவகை, வகுப்பானை வேண்டாது. மற்றொருவகை, வகுப்பானின்றி அமையாது. இவ்வேறுபாடு இலக்கண நுட்பமாக மட்டும் நின்றுவிடுவதன்று. ஊழ் என்பது ஒருவன் முற்பிறப்பில் தானே செய்ததன் பயன். இன்று அவனைக் கட்டுவது நேற்று அவனே முடைந்த கயிறு. ஆதலின் ஊழை நம்புவோன் தன் பொறுப்பை முற்றும் இழந்தவனல்லன். ஊழினும் வலியது யாதுமில்லை என முப்பத்தெட்டாம் அதிகாரத்திற் கூறிய திருவள்ளுவர், ஆள்வினையுடைமை அதிகாரத்தில் அயராத உழைப்பாளி அதனையும் வெல்லக்கூடும் என்று கூறுவது முரணாகாமைக்கு இதுவே காரணம். முன்னை வினையும் இன்றைய முயற்சியும் ஒருவனுடைய இருகாலத்துச் செயல்களே. இதற்கு மாறாக, விதிப்பவன் வேறொருவன் எனக் கொண்டால் வினா உருமாறுகின்றது. என் பழஞ்செயலினின்று நான் தப்புவது எங்ஙனம் என்பது முன்னைய வினா. பிறனொருவன் வகுத்ததை நான் செய்யுங்கால் அது என் செயலாவது எங்ஙனம் என்பது பின்னைய வினா.

சைவ சித்தாந்தம் இவ்விரண்டையும் இணைக்க முயன்றது. வினை அறிவற்றது; ஆதலின் தன்னைச் செய்தவனை அது தானே நாடிச் சென்று சேரமாட்டாது; உயிர் ஈட்டிய வினையின் பயனை இறைவனே ஊட்டுகின்றான் என்பது மெய்கண்டார் மரபு. ஈட்டுவது உயிர், ஊட்டுவது இறைவன் என்னும் இப்பகுப்பைப் பின்னர் அரபு நாட்டுக் கோட்பாடொன்றோடு ஒப்பிட நேரும். இறைவன் ஊட்டுதலோடு அமையாது, வேண்டுங்கால் அழிக்கவும் செய்வான் என்பது அடியார் நம்பிக்கை. திருத்தணிமேற் பல திருப்புகழ் பாடிய அருணகிரிநாதர், கந்தரலங்காரத்தில், தம் தலைமேல் அயன் எழுதிய எழுத்து முருகன் திருவடி பட்டு அழிந்ததெனப் பாடுகின்றார். விதியை எழுதுவோன் ஒருவன். அதனை அழிப்போன் அவனினும் பெரியோன் ஒருவன். அத்தணிகை வட்டாரத்தில், அம்மையார்குப்பம் போன்ற நெசவூர்களில், தறி ஓடாத நாளில் தலையெழுத்தை நொந்துகொள்ளும் அதே வாய் ஆடிக் கிருத்திகையில் முருகனைக் கூவி அழைக்கின்றது. விதியும் இறைவன் குறுக்கீடும் உலகியலில் ஒருங்கே வழங்குதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

எனவே குறுக்கிட்டுக் காக்கும் இறைவன் என்னும் கருத்துத் தமிழர்க்குப் புதிதன்று. கிறித்தவமும் இசுலாமும் கொணர்ந்த புதுமை வேறொன்று. முற்பிறப்பு இல்லை என்பதே அது. முற்பிறப்பை நீக்கியவுடன் ஊழ் தன் வேரை இழக்கின்றது. ஒருவன் குருடனாகவும் மற்றொருவன் செல்வனாகவும் பிறத்தற்குரிய காரணம், அவரவர் கணக்கிலிருந்து இறைவன் கணக்கிற்கு மாறுகின்றது. இப்பெருஞ்சுமையை இருசமயத்தாரும் தமிழில் எங்ஙனம் தாங்கினர் என்பதே நம் ஆராய்ச்சி.

கிறித்தவத் தரப்பில் இதனை முதன்முதல் விரிவாக எதிர்கொண்டவர் தத்துவபோதகர் எனப்பட்ட இராபர்ட்டு டி நோபிலி (1577–1656). அவர் 1606இல் மதுரைக்கு வந்தார். அந்த ஆண்டு கருதத்தக்கது. அவர் சார்ந்த இயேசு சபையைச் சேர்ந்த மோலினா, இறைவன் அருளும் மனித விருப்பமும் இயைவது பற்றி 1588இல் ஒரு நூல் வெளியிட்டார். தோமினிக்கு சபையார் அதனைக் கடுமையாக எதிர்த்தனர். உரோமையில் ஆண்டுக்கணக்கில் நடந்த அவ்வழக்கை 1607இல் ஐந்தாம் பவுல் பாப்பரசர் தீர்ப்பின்றியே முடித்து, ஒருசாரார் மற்றொருசாராரைப் பழித்துரைக்கலாகாது எனப் பணித்தார். எந்நிலையில் எம்மனிதன் தன் விருப்பால் எதனைத் தெரிவான் என்பதனை இறைவன் முன்னறிவான். அறிதலால் அவனை வற்புறுத்தியவன் ஆகான் என்பது மோலினாவின் கருத்து. அதனை நோபிலி தமிழிற் பெயர்த்தார் என நாம் கூறவில்லை. மனித விருப்பின் உரிமையைக் காப்பது தம் சபையின் மானத்தைக் காப்பதாகக் கருதப்பட்ட காலத்தில் அவர் பயின்று வந்தவர் என்பதே நாம் சுட்டுவது. தலைவிதிக் கொள்கையையும் மறுபிறப்பையும் அவர் அத்துணை முனைப்பாக மறுத்தமைக்கு இப்பின்புலமும் ஒரு காரணமாதல் கூடும்.

'ஆத்தும நிர்ணயம்', 'புனர்ஜென்ம ஆட்சேபம்' என்பன இவ்வகையில் அவர் நூல்கள். உலகிற் காணும் ஏற்றத்தாழ்வு முற்பிறப்பு வினையால் வந்ததன்று என நாட்டுவது பின்னதன் நோக்கம். மனிதனுக்கு விருப்புரிமை இல்லையாயின் அறிவுரை, ஆணை, தடை, பரிசு, தண்டனை யாவும் வீணாம் எனப் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே தாமசு அக்குவினாசு வாதிட்டிருந்தார். அம்மரபிற் பயின்றவர்க்குத் 'தலைவிதி' என்னும் சொல் பகைச்சொல்லாகவே தோன்றியதில் வியப்பில்லை. அதனை ஏற்றுத் திருத்திக்கொள்ளலாம் என்று அம்மரபினர் கருதவில்லை, விலக்கவே முற்பட்டனர். விலக்கிய இடத்தில் அவர்கள் வைத்த சொல் 'தேவ பராமரிப்பு'. இது சிறந்த தேர்வு என்பது நம் கருத்து. விதித்தல் ஒருமுறை நிகழ்ந்து முடிந்த செயல். பராமரித்தலோ நாள்தோறும் நிகழ்வது. எழுதிவைத்துவிட்டு அகன்ற அயனுக்கு மாறாக, உடனிருந்து பேணும் ஒருவனை அச்சொல் காட்டுகின்றது. அருளைக் குறிக்க அவர்கள் வழங்கிய 'பிரியதத்தம்', 'இஷ்டப்பிரசாதம்' என்பனவும் கூர்ந்து நோக்கத்தக்கன. தத்தம் என்பது கொடை. பிரசாதம் என்பது கையேந்திப் பெறுவது. கொடுப்போன் ஒருவனும் கொள்வோன் ஒருவனும் அச்சொற்களில் உளர். கொள்ளாது மறுக்கவும் இடமுண்டு. 1547இல் திரிதெந்து சங்கம் வகுத்த முடிபும் அதுவே: விருப்புரிமை நலிவுற்றதேயன்றி அழிந்ததன்று, அருள்தூண்டலுக்கு அஃது இசையவும் மறுக்கவும் வல்லது. ஆயினும் பிறப்பிலேயே துன்புறுவோனை முன்னிட்டு எழும் வினா நின்றுகொண்டே இருந்தது. வினையை விலக்கிய பின்னும் வினா விலகவில்லை.

இக்கோட்பாட்டை வாதமாக அன்றிக் காவியமாகக் காட்டியவர் வீரமாமுனிவர் (1680–1747). 1726இல் நிறைவுற்ற தேம்பாவணியின் தலைவன் சூசை. மணந்த மரியாள் கருவுற்றிருத்தலைக் கண்டு அவன் ஐயுற்று, அவளைப் பழிக்கவும் மனமின்றி, உடன் வாழவும் இயலாது பிரிந்துபோக நினைக்கின்றான். மத்தேயு நற்செய்தி ஓரிரு வரிகளிற் கூறிய இதனை முனிவர் ஐயந்தோற்று படலம், ஐயநீங்கு படலம் என இரு படலங்களாக விரித்தார். ஏன் விரித்தார்? வானவன் கனவில் தோன்றி உண்மை உரைக்கும்வரை இறைவன் வாளாவிருக்கின்றான். அவ்விடைவெளியில் மனிதன் தன் நெஞ்சோடு தனித்து நிற்கின்றான். வானவன் வந்தபோதும் சூசையின் கையைப் பற்றி இழுப்பதில்லை, அறியாததை அறிவிக்கின்றான். ஏற்பது சூசையின் செயல். தெய்வக் குறுக்கீடு மனிதனின் அறியாமையை அகற்றுகின்றது. அவன் விருப்பை அகற்றுவதில்லை. கோவலனைச் செலுத்திய ஊழோடு இதனை ஒப்பிட்டுப் பயிலும் மாணவர், காப்பிய அமைப்பிலேயே ஒரு கோட்பாட்டு வேறுபாடு தொழிற்படுவதைக் காண்பர்.

எனினும் கிறித்தவம் முழுதும் இவ்வாறே கருதியது என்பதற்கில்லை. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு லூத்தர் மரபினர். மீட்பைப் பொறுத்தவரை மனித விருப்பம் கட்டுண்டதே என எராசுமுசுக்கு விடையாக 1525இல் எழுதியவர் லூத்தர். கால்வின் மரபினர் இன்னும் கடந்து சென்றனர். மீட்படைவோரை இறைவன் உலகத் தோற்றத்திற்கு முன்னரே தெரிந்துகொண்டான். அத்தேர்வு மனிதனின் தகுதியையோ அவன் நம்புவான் என்னும் முன்னறிவையோ பற்றியதன்று என 1618–19இல் ஒல்லாந்து நாட்டுத் தோர்து நகர்ச் சங்கம் முடிபு கூறிற்று. அம்முடிபுகளைத் தன் சபைக் கோட்பாடாகக் கொண்ட அமெரிக்கச் சீர்திருத்தச் சபையாரே 1853இல் ஆர்க்காட்டு மிஷனை நிறுவியவர்கள். 1871இல் வெளிவந்த விவிலிய ஐக்கிய மொழிபெயர்ப்பு இக்கருத்துக்குரிய இடங்களில் 'முன்குறித்தல்', 'தெரிந்துகொள்ளுதல்' என்னும் சொற்களை ஆண்டது. விதி என்னும் சொல்லை இவர்களும் வேண்டவில்லை. பொருளளவில் விதிக்கு மிக அணுகி நின்றோரும் சொல்லளவில் அதனைத் தொடாது விலகினர் என்பது சுவையான செய்தி.

ஈண்டுக் கிருட்டிணப் பிள்ளையை (1827–1900) ஒருசொல் கூறாது செல்லுதல் இயலாது. வைணவக் குடியிற் பிறந்து 1858இல் கிறித்தவரான அவர், கால்வினியச் சார்புடைய பனியனின் உரைநடை நூலைத் தழுவி 1894இல் இரட்சணிய யாத்திரிகத்தை வெளியிட்டார். தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டியா, தாய் கவ்விச் செல்லும் பூனைக் குட்டியா உயிர் என வடகலையாரும் தென்கலையாரும் நூற்றாண்டுகளாக வழக்கிட்ட மண்ணில் வளர்ந்தவர்க்கு, ஐரோப்பியச் சபைகளின் வழக்கு முற்றும் அயலாகத் தோன்றியிராது. நூற்பெயரும் அதனையே உணர்த்துவது போலும். இரட்சணியம் பிறன் தருவது. யாத்திரை தன் காலால் நடப்பது.

இனி இசுலாமியத் தரப்பிற்கு வருவோம். நம்பிக்கைக் கூறுகள் ஆறனுள் நன்மை தீமை யாவும் இறைவன் கத்ரின்படியே என நம்புதலும் ஒன்று. 'கத்ர்' என்னும் அரபுச் சொல்லின் அடிப்பொருள் அளவிடுதல். இன்னதற்கு இன்ன அளவு என வரைதலே அது. தமிழ் முசுலிம்கள் இதனைத் தமிழிற் கூறுங்கால் 'விதி' என்றனர். ஊழ் என்று கூறுவதை வழக்காக்கிக்கொள்ளவில்லை. இத்தேர்வு மிகப் பொருத்தமானது. முதிர்வைக் குறிக்கும் ஊழ் அளவைக் குறிக்கும் கத்ருக்கு ஒவ்வாது. வகுத்தலைக் குறிக்கும் விதி ஒக்கும். தொல்காப்பியர் காலத்துப் 'பால்' வழக்கொழியாது நின்றிருப்பின் அதுவே இன்னும் நேரிய மொழிபெயர்ப்பாகியிருக்கும். விதி என்பதன் கட்டளைப் பொருளும் இவர்களுக்கு உதவிற்று. இறைவன் வகுத்ததும் விதி. தொழுக என ஏவியதும் விதி. முதல்விதியை மனிதன் மீற இயலாது; இரண்டாம் விதியை மீற இயலும்; மீறினால் வினவப்படுவான். கிறித்தவர் பகையென ஒதுக்கிய சொல்லை இவர்கள் ஏவல்கொண்டனர்.

விதி என்றதும் முயற்சியின்மை என்று பொருள்படுத்துவோர் கலீபா உமர் வரலாற்றை நினைத்தல் வேண்டும். ஹிஜ்ரி 18ஆம் ஆண்டளவில் (கி.பி. 639) சிரியா நோக்கிச் சென்ற அவர், அங்குக் கொள்ளைநோய் பரவியதறிந்து சர்ஃ என்னுமிடத்தினின்று திரும்பத் துணிந்தார். இறைவன் விதிக்கு அஞ்சி ஓடுகின்றீரோ என அபூ உபைதா வினவினார். ஆம், அவன் விதியொன்றினின்று அவன் விதி மற்றொன்றிற்கே செல்கின்றோம் என்பது உமர் விடையின் கருத்து. தப்பிச் செல்லும் முயற்சியும் விதிக்குள் அடங்கியதே என்பதாம். முயற்சியை விதிக்குப் புறத்தே நிறுத்தி இரண்டையும் பொருதவிடுவது குறள் நெறி. முயற்சியை விதிக்குள்ளேயே வைப்பது இந்நெறி. கத்ரை ஊழெனல் பொருந்தாது என்று நாம் கூறுவதற்கு இஃது இரண்டாவது காரணம்.

ஆயினும் அறிஞரிடையே இது பெருவழக்காயிற்று. ஏழாம் நூற்றாண்டின் இறுதியிலேயே பசராவில் மஅபத் அல் ஜுஹனி முதலியோர் மனிதன் தன் செயலுக்குத் தானே ஆற்றலுடையான் என்றனர். உமையா ஆட்சியாளர் தம் ஆட்சியையே இறைவிதியெனக் காட்டிக் கொடுமையை மறைத்தனர் என்றும், அதனை மறுக்கவே இவ்வாதம் எழுந்தது என்றும் வரலாற்றாசிரியர் பலர் கருதுவர். விதி என்னும் சொல் ஆள்வோர்க்குக் கேடயமாவது எந்நாட்டிலும் உண்டு. நம் நாட்டில் வறியவனிடம் அவன் தலையெழுத்தைச் சுட்டிக்காட்டுவோர் பெரும்பாலும் வறியவரல்லர். விருப்புரிமையை முழுதும் நாட்டிய முஃதஸிலாக்களுக்கும் அதனை முழுதும் மறுத்த ஜபரிய்யாக்களுக்கும் இடையே, பத்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மறைந்த அபுல் ஹஸன் அல் அஷ்அரி ஒரு வழி கண்டார். செயலைப் படைப்பவன் இறைவன். அதனை ஈட்டுபவன் மனிதன். இவ்வீட்டத்தையே அரபியிற் 'கஸ்பு' என்பர். முன்னர்ச் சுட்டிய சித்தாந்தப் பகுப்பு ஈண்டு ஒப்புநோக்கற்குரியது. இரண்டிலும் ஈட்டுபவன் மனிதனே. ஆனாற் சித்தாந்தத்தில் செயலும் அவனது. பயனை ஊட்டுவது மட்டுமே இறைவனது. அஷ்அரியிடத்தோ செயலின் உளதாதலே இறைவனது. சொல் ஒன்றாயினும் நிலம் வேறு. 944இல் மறைந்த சமர்கந்து நகரத்து மாத்துரீதி, செயலைப் படைப்பது இறைவனேயாயினும் தெரிந்துகொள்ளும் விருப்பம் உண்மையாகவே மனிதனுடையது என்று கூறி, மனிதனுக்கு மேலும் சற்று இடமளித்தார்.

தமிழிலக்கியத்தில் இதன் நிழலைச் சீறாப்புராணத்திற் காணலாம். பதுறுப் போரில் நபிகள் நாயகம் பிடிமண் எறிந்ததைக் குறித்து, எறிந்தவர் நபியாயினும் உண்மையில் எறிந்தவன் இறைவனே எனத் திருக்குர்ஆன் எட்டாம் அத்தியாயம் உணர்த்துவதாக உரையாளர் கொள்வர். அஷ்அரியரின் கஸ்புக் கொள்கைக்கு இதனினும் நெருங்கிய சான்று அரிது. உமறுப்புலவர் (1642–1703) அப்போரை விரித்துப் பாடினாரேனும், நம் நோக்கிற்குச் சிறந்தது மானுக்குப் பிணைநின்ற படலமே. வேடன் வலையிற் சிக்கிய மான், கன்றுக்குப் பாலூட்டி மீள்வேன் என நபியிடம் முறையிடுகின்றது, நபி பிணைநிற்கின்றார். மான் பேசியது வியத்தகு நிகழ்ச்சி. அஃது இறைவன் செயல். ஆனாற் கதையின் உயிர் அதில் இல்லை. விடுபட்ட மான் மீண்டு வருமா என்பதில் இருக்கின்றது. வரவேண்டும் என அதனைக் கட்டிய கயிறு ஏதுமில்லை. அது சொற்பிழையாது வந்ததைக் கண்டே வேடன் நெஞ்சம் நெகிழ்ந்து இசுலாத்தைத் தழுவுகின்றான். தேம்பாவணியில் வானவன் வாய்ச்சொல் செய்த வேலையை ஈண்டு மானின் வாய்ச்சொல் செய்கின்றது. ஒருவர் விதி என்னும் சொல்லை ஏற்ற மரபினர். மற்றவர் அதனை வெறுத்த மரபினர். காவியம் என வந்துழி இருவரும் தெய்வச் செயலுக்கும் மனிதத் துணிவுக்கும் இடையே ஓர் இடைவெளியை விட்டே பாடினர்.

உலகவழக்கில் விதியினும் மிகுதியாக முசுலிம்கள் ஆளும் சொல் 'நாட்டம்'. பண்டை இலக்கியத்திற் கண்ணையும் ஆராய்ச்சியையும் குறித்த இச்சொல், அவர்கள் வாயில் இறைவனின் விருப்பத்தைக் குறிக்கும். நாளைச் செய்வதாகக் கூறும் எதற்கும் 'இன்ஷா அல்லாஹ்', இறைவன் நாடினால், என முன்மொழிவர். கிறித்தவர் கடிதங்களில் 'தேவசித்தமானால்' என எழுதுவதும் இதனோடொப்பது. இவ்விரு தொடரும் நிபந்தனை வாய்பாட்டில் அமைந்தமை நோக்குக. விதி முடிந்துவிட்டதைக் குறிக்கும். நாடினால், சித்தமானால் என்பன இனி நிகழ்வதைத் திறந்தே வைக்கும்.

முடிவாக ஒரு வரலாற்றுச் செய்தி. தமிழகக் கடற்கரை முசுலிம்கள் பெரும்பாலும் ஷாஃபி நெறியினர். அந்நெறியினரிடைப் பெரிதும் பயில்வது அஷ்அரியின் கோட்பாடு. வேலூர், ஆம்பூர் முதலிய உள்நாட்டு ஊரினர் பெரும்பாலும் ஹனஃபி நெறியினர். அவர்தம் மதரசாக்களிற் பயிலப்படும் நஸஃபியின் அகீதா மாத்துரீதி மரபினது. அவ்வூர்களும், 1911இல் சித்தூர் மாவட்டம் அமையும்வரை திருத்தணி வட்டாரமும் பழைய வடார்க்காட்டைச் சேர்ந்தவை. ஆர்க்காட்டு மிஷனின் களமும் அதுவே. ஆகவே பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அம்மாவட்டத்தில், ஏட்டளவிற் கூறுமிடத்து, மனித விருப்பிற்கு மிகுதியான இடமளித்தது மதரசாவின் பாடநூல். குறைவான இடமளித்தது மிஷனின் சபைக்கோட்பாடு. நாம் தொடக்கத்திற் சுட்டிய பொதுக்கூற்று இங்கே தலைகீழாகின்றது. இவ்வேட்டுக் கோட்பாடுகள் சொற்பொழிவிலும் மக்கள் வாயிலும் எவ்வடிவு கொண்டன என்பது தனியே ஆராயத்தக்கது. அதற்குக் கீழக்கரைச் செய்யிது முகம்மது ஆலிம் (1816–1898) முதலியோர் அரபுத்தமிழில் இயற்றிய உரைநடை நூல்களையும், மிஷன் அச்சகங்கள் வெளியிட்ட தமிழ் ஞானோபதேச வினாவிடைகளையும் அருகருகே வைத்து, விதி, நாட்டம், சித்தம், முன்குறித்தல் என்னும் நான்கு சொற்களும் வரும் இடங்களையெல்லாம் தொகுத்தல் முதற்பணியாகும்.